இடது காலுக்கு வலது ஓரம்

"அடுத்த மேட்ச்லருந்து நீ ரைட்ல ஆடு" என்று மிஸ் சொன்னபோது நான் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், கோரமண்டல் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி முடிந்திருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருந்தோம்.

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"ரைட்லயா மிஸ்? நான் லெஃப்ட் கால்."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

மிஸ் எங்கள் கோச். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. இளம் வயதில் மாநில ஃபுட்பால் அணிக்கு கோல் கீப்பராக நின்றவர். பழைய கோச் மகனோடு பெங்களூருக்குக் குடிபோன பிறகு ஆறு மாதம் எங்களுக்கு ஆளே இல்லாமல் இருந்தது. பள்ளி விட்டு மைதானத்தைத் தாண்டிப் போகும்போது அவர் நின்று பார்ப்பார். ஒருநாள் எங்களில் ஒருவன் போய்க் கேட்டான். மறுநாளே விசிலோடு வந்துவிட்டார். ஒரு பெண் சொல்லி ஆடுவதா என்று இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு மாதத்தில் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஊரில் வேறு டீம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பதினைந்து வருடங்களாக இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் இன்னும் லெஃப்ட் அவுட், ரைட் அவுட் என்றுதான் சொல்வார்கள். இடது கால்காரன் லெஃப்ட் அவுட், வலது கால்காரன் ரைட் அவுட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சின்ன வயதில் இடது கையால் எழுதினேன் என்பதற்காகப் பள்ளியில் கையை மாற்றினார்கள். வீட்டில் சாப்பிடும் கையை மாற்றினார்கள். காலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது தப்பித்துக்கொண்டது.

நடுவில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியது என் அண்ணன். என்னைவிட ஆறு வயது பெரியவன். பங்காருபேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். அவனுக்குக் கால் அவ்வளவு சரியில்லை. பந்து காலுக்கு வந்தால் இரண்டு தட்டுக்குள் பறிகொடுத்துவிடுவான். ஆனால் தலை வேறு. நான் இடது ஓரமாகவே ஓடி, மூலைக்குப் பக்கத்தில் போய், இடது காலால் உயரமாகப் பந்தை நடுவே அனுப்புவேன். அது கோல் கீப்பரை விட்டு விலகி வளைந்து வரும். அண்ணன் எங்கே நிற்கிறான் என்று நான் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பான். கையைத் தூக்கிக் கேட்கவே மாட்டான். எழும்பி நெற்றியால் அடிப்பான். எங்கள் டீமின் கோல்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

மிஸ் என்னை அன்றைக்கு விடவில்லை. மறுபடி ஷூவைப் போடச் சொன்னார். சல்வார் கமீஸின் மேல் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அவரே கோலில் போய் நின்றார்.

"லெஃப்ட்லருந்து பத்து பந்து அடி."

அடித்தேன். ஒன்றோ இரண்டோ உள்ளே போயின. மற்றதை எல்லாம் அவர் அலட்டிக்கொள்ளாமல் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து இடது காலால் அடித்தால் கோல் ஒரு கதவிடுக்கு மாதிரித்தான் தெரியும்.

"இப்ப ரைட்டுக்குப் போ. லைன்லருந்து உள்ள வா. வந்து அதே காலால அடி."

வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பியதும் முழு கோலும் முன்னால் விரிந்து கிடந்தது. பந்து தூரக் கம்பத்துக்கு வெளியே போவது போலப் புறப்பட்டு, கடைசி நேரத்தில் வளைந்து உள்ளே போனது. பத்தில் ஆறு. ஒன்றுக்கு அவர் கையைக்கூட நீட்டவில்லை.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் கோல்ல நின்ன காலத்துல எனக்கு எந்தப் பந்தப் பாத்து பயமோ, அதான் இது. வெளிய போவுதுன்னு தோணும். விட்ருவோம். அப்பால உள்ள இருக்கும்."

அதே மாதிரி, வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த வலது கால்காரனை இடது பக்கம் அனுப்பினார். அவன் உடனே போய் நின்றான். எந்தப் பக்கம் விட்டாலும் ஓடுகிற ஆள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் நான் கண்ணைக் கட்டி விட்டவன் போலத்தான் இருந்தேன். பதினைந்து வருடமாகக் கோடு எனக்கு இடது கைப்பக்கம் இருந்தது. அது ஒரு சுவர் மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது என்று உடம்புக்குத் தெரியும். இப்போது அந்தச் சுவர் வலது பக்கம் வந்துவிட்டது. எதிராளி எல்லாம் இடது பக்கத்திலிருந்து வந்தார்கள். முதல் பாதியில் மைதானத்தை ஒட்டிய சர்ச் சுவர் ஓரமாக ஆடிப் பழகியவன், இப்போது முதல் பாதியில் எதிர்ப்பக்கம், சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம். காற்றடித்தால் மேட்டின் வெள்ளைப் புழுதி அந்த ஓரத்துக்குத்தான் முதலில் வரும். ரிடையரான சுரங்கத் தொழிலாளிகள் உட்கார்ந்து பார்ப்பது சர்ச் சுவரை ஒட்டி. முதல் பாதி முழுக்க அவர்களுடைய வசவைக் கேட்டபடியே ஆடியவன் நான். மேட்டுப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் கோல் போட்டேன். அடுத்த ஆட்டத்தில் இரண்டு. என் வாழ்க்கையில் ஒரு சீசனில் நான்கு கோலுக்கு மேல் போட்டதில்லை; அந்த வருடம் பாதி சீசனுக்குள் ஒன்பது. இடது பக்கம் போனவனும் அதே மாதிரி உள்ளே வந்து வலது காலால் போட்டான். நாங்கள் தோற்பதை நிறுத்திவிட்டோம். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாபா, இந்த வயசுல கோல் போட ஆரம்பிச்சிட்டே" என்றார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அண்ணன் விஷயம் எனக்கு மைதானத்தில் தெரியவில்லை. அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் வீடுகள் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய ஒரே லைன் வீட்டு வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு ஞாயிறு மதியம் குழம்பு கொடுக்க வந்த அண்ணி, வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "இப்பல்லாம் உங்க அண்ணன் தைலம் கேக்கறதே இல்ல" என்றார்.

"ஏன் அண்ணி?"

"முன்னல்லாம் மேட்ச் ஆடிட்டு வந்தா கழுத்து வலி, நெத்தி வலின்னு உயிர எடுப்பாரு. நான்தான் தேச்சி உடுவேன். இப்ப வந்தாரா, குளிச்சாரா, சாப்ட்டாரா, அவ்ளோதான். நல்லதுதான் போங்க."

அண்ணி அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நான் குழம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முந்தைய ஐந்து ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அண்ணன் தலைக்கு எத்தனை பந்து போனது? இரண்டு கார்னர் ஞாபகம் வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. நானும் உள்ளே வருகிறேன், இடது பக்கத்துக்காரனும் உள்ளே வருகிறான். மூலைக்குப் போய் உயரமாகப் பந்து போட யாரும் இல்லை. அவன் ஒவ்வொரு முறையும் இரண்டாவது கம்பத்துக்கு ஓடிப்போய் நின்றிருக்கிறான். நான் அடித்த பந்து சில சமயம் அவனைத் தாண்டித்தான் வலைக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு கோலுக்கும் முதலில் வந்து என் முதுகில் தட்டியதும் அவன்தான்.

டோர்னமென்ட் காலிறுதிக்கு மிஸ் அவனை வெளியே உட்கார வைத்தார். அவனுடைய இடத்தில் காலில் பந்தை வைத்து ஆடத் தெரிந்த, இருபத்து மூன்று வயதுக்காரன் ஒருவன் ஆடினான். நாங்கள் மூன்று கோலில் ஜெயித்தோம். அண்ணன் டிராக் பேன்ட்டோடு கோட்டுக்கு வெளியே நின்று, தண்ணீர் பாட்டில்களை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

வார நாட்களில் இரண்டு பேரும் மாரிகுப்பத்திலிருந்து வரும் காலை ரயிலில்தான் போவோம். அவன் பங்காருபேட்டையில் இறங்குவான். நான் பெங்களூர்வரை போக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை கேட்டுவிட்டேன்.

"மிஸ் கிட்ட சொல்லட்டா? நான் லெஃப்டுக்கே போறேன்னு?"

"இன்னாத்துக்கு?"

"உனுக்குப் பந்தே வர்றது இல்லையே."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். "நான் உன்ன கேட்டனா?"

"இல்ல."

"அப்ப உட்டுடு."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது வழக்கம்போல, "மதியானத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

இறுதி ஆட்டம் மே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை. எதிர் டீம் ஆண்டர்சன்பேட்டை. அவர்களுடைய லெஃப்ட் பேக் எனக்குத் தெரிந்தவன்தான். பெங்களூரில் ஏதோ குடோனில் வேலை. சில நாள் அதே ரயிலில் பார்ப்பேன். அவன் என் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தான் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்தது. எனக்கு நேராக நிற்காமல், ஒரு எட்டு உள்பக்கம் தள்ளி நின்றான். உள்ளே வரும் வழியை மூடிவிட்டு, கோட்டோரம் முழுவதையும் எனக்குத் திறந்து விட்டுவிட்டான்.

"போ மச்சா, அப்டியே லைனோட போ. யார் உன்ன புடிச்சாங்க?" என்று சிரித்தான்.

லைனோடு போனால் வலது காலால் கிராஸ் போட வேண்டும். என் வலது கால் நிற்பதற்கு உதவும், அவ்வளவுதான். இது அவனுக்கும் தெரியும். முதல் பாதி முழுக்க நான் பின்பக்கமே பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இடது பக்கத்துக்காரன் ஒன்று போட்டான். அவர்கள் ஒன்று திருப்பினார்கள். ஒன்றுக்கு ஒன்று.

கடைசிக் கால் மணி நேரம் இருக்கும்போது மிஸ் அண்ணனை உள்ளே அனுப்பினார். சுவரோரம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் நேராக என்னிடம் ஓடி வந்தான்.

"நான் மொத போஸ்டுக்கு ஓடுவேன். ஸ்டாப்பருங்க ரெண்டு பேரும் என் பின்னால வருவானுங்க. என் தலையப் பத்தித் தெரியும் அவனுங்களுக்கு. நடுவுல காலியாவும். நீ உள்ள வந்து அடி. புரியுதா?"

"சரி."

"கிராஸ் வேணாம்."

அவன் சொன்னபடியே நடந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். எனக்குப் பந்து வந்தது. லெஃப்ட் பேக் களைத்துப்போய் அரை எட்டு பிந்தி வந்தான். அண்ணன் முதல் கம்பத்தை நோக்கித் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினான். கோலுக்கு முன்னால் நடுவில் காவல் நின்ற இரண்டு ஸ்டாப்பர்களும் அவன் பின்னாலேயே ஓடினார்கள். பெனால்டி பெட்டியின் நடுவில் யாரும் இல்லை. பந்து என் இடது காலில் இருந்தது. எதிரே கோல் முழுதாகத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து மிஸ், "அடி!" என்று கத்தியது கேட்டது.

நான் பந்தை வலது பக்கம் தள்ளினேன். கோட்டோரம் இரண்டு எட்டு ஓடி, வலது காலால் அண்ணனின் தலைக்கு அனுப்பப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நினைத்ததாகவே ஞாபகம் இல்லை. அவன் ஓடுவது தெரிந்தது; அவன் ஓடினால் பந்து போட வேண்டும் என்று உடம்புக்கு இருந்தது. அதோடு அந்த ரயில் பேச்சும் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். கடைசி ஆட்டம், கடைசி ஐந்து நிமிடம், அவன் தலையால் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. காலில் பந்து பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அது வெளிப்பக்கமாகச் சறுக்கி, மூலைக்குப் பக்கத்தில் கோல் கோட்டைத் தாண்டி, சர்ச் சுவரில் மோதி, பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் உருண்டது. யாரும் திட்டவில்லை.

அவர்களுடைய கோல் கீப்பர் கோல் கிக்கை நீளமாக அடித்தான். எங்கள் பேக் அதை வெளியே தட்டினான், கார்னர். கார்னரில் கூட்டத்துக்குள் யாருடைய முழங்காலிலோ பட்டு எங்கள் கோலுக்குள் போனது. இரண்டுக்கு ஒன்று. அதோடு முடிந்தது.

அண்ணன் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு விசில் ஊதியதும் மைதானத்தின் நடுவிலிருந்து நேராக வந்து என் ஜெர்சியைப் பிடித்தான்.

"உன்ன யார்டா கிராஸ் போடச் சொன்னது?"

அவன் பிடியை விடவில்லை.

"நான் எதுக்குடா ஓடினேன்? வாயத் தொறந்து சொன்னேன் இல்ல? கிராஸ் வேணாம்னு சொன்னேன் இல்ல?" ஜெர்சியை உதறிவிட்டான். "எனக்குப் பிச்ச போடறியா நீ?"

இரண்டு பேர் வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். மிஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோல் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது மிஸ்."

"சரி" என்றார். எழுந்து போய், கழற்றிப் போட்ட ஜெர்சிகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் அண்ணன் ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான். வீட்டுக்கு வந்தால் என் மனைவியிடம் பேசுவான். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுவான். கேஸ் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று. அண்ணிக்கு எப்படி நடுவில் நிற்பதென்று தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். எதற்கு என்று எப்படிச் சொல்வது? பந்தைத் தப்பாக அடித்ததற்கு என்றால் அது எல்லோருக்கும் நடப்பது. அவனைப் பாவம் என்று நினைத்ததற்கு என்றால், அதைச் சொல்லிக் கேட்பது இன்னொரு முறை நினைப்பது மாதிரி. கடைசிவரை கேட்கவில்லை.

மழை விட்டு அடுத்த சீசன் ஆரம்பித்தபோது எங்கள் ஸ்டாப்பர் வேலைக்காகத் துபாய் போய்விட்டான். மிஸ் அண்ணனைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பதினெட்டு வருஷம் கோல முன்னால வெச்சிக்கினு ஆடினவன் மிஸ். இப்ப கோல முதுகுக்குப் பின்னால வெச்சிக்கினு நிக்கணுமா?"

"பந்து எங்க வந்து விழும்னு உனக்குத் தெரியும் இல்ல? எந்தப் பக்கம் பாத்து நின்னா இன்னா?"

"கால் வேணுமே மிஸ், பின்னால."

"மேல வர்றத நீ பாத்துக்க. கீழ வர்றத மத்தவங்க பாப்பாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். அடுத்த ஞாயிறு நேராகப் போய்ப் பின்னால் நின்றான்.

சுலபமாக இல்லை. முதல் ஆட்டத்தில் பழக்க தோஷத்தில் முன்னால் ஓடிப்போய்விட்டான். அவன் விட்ட இடத்தில் ஒரு கோல் விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பந்தைத் தலையால் எங்கள் கோல் பக்கமே அடிக்கப் போய், கோல் கீப்பர் பாய்ந்து பிடித்தான். சுவரோரத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். நான்காவது ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் பெட்டிக்குள் உயரமாக வந்த எதையும் எவனும் தொடவில்லை. எல்லாம் அவன் நெற்றிக்குப் போனது. எந்தப் பந்து எங்கே வந்து விழும் என்று அதை அடிப்பவனின் இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுகிறான்.

ரயிலில் மறுபடி ஒரே பெட்டியில் ஏற ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒருநாள் ஏறினேன், உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் ஒரு டீமோடு ஆட வேண்டியிருந்தது. அவர்களிடம் என்னைப் போலவே ஒருவன் வலது ஓரத்தில் ஆடுகிறான். இடது கால்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வேகமும் அதிகம். ஒவ்வொரு ஆட்டத்திலும் உள்ளே வந்து போடுகிறான் என்று பேச்சு. ரயில் கோரமண்டலைத் தாண்டியதும் அண்ணன் கேட்டான்.

"ஏன்டா, உள்ள வர்றதுக்கு மின்ன நீ இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்னா?"

"ஏதாச்சும் பண்ணுவ இல்ல. வெளிய போறியா உள்ள வர்றியான்னு எனக்கு எப்டி தெரியும்? பந்தப் பாத்தா தெரியல. அது கடைசியிலதான் திரும்புது."

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எனக்கே தெரியாது. கண்ணை மூடி உடம்பை நினைத்துப் பார்த்தேன். பங்காருபேட்டை வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

"வலது தோள எறக்குவேன். வெளிய போற மாதிரி. ஆனா நெஜமா வெளிய போறதா இருந்தா எறக்க மாட்டேன்."

"எறக்கினா உள்ள வர்ற."

"ஆமா."

"எறக்கலன்னா வெளிய."

"ஆமா. எல்லாரும் அப்டித்தானான்னு தெரியாது."

"பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

ஞாயிறு பயிற்சியில் எதிரெதிர் டீமில் ஆடினோம். நான் வலது ஓரத்தில் பேக்கைத் தாண்டிப் பெட்டியை நெருங்கினேன். அண்ணன் மட்டும்தான் மிச்சம். தோளை இறக்கினேன். இறக்குகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவன் என் முகத்தையும் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. ஒரு எட்டு உள்பக்கம் வந்து, அவனுடைய அந்த மோசமான காலால் பந்தை என்னிடமிருந்து சுத்தமாக எடுத்துக்கொண்டு போனான்.